கொம்பு வைத்த லேடீஸ் சைக்கிள்

இன்று காலை எனக்கு ஒரு பார்சல் வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று வாசனை அடித்தது. புது ரப்பரும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. உள்ளே ஒரு சாண் நீளம்கூட இல்லாத இரண்டு அலுமினியக் கொம்புகள், முனையில் கறுப்பு ரப்பர் மூடி. அன்றைக்கு நீ வாங்கியது எந்தக் கம்பெனியோ, இது எந்தக் கம்பெனியோ, வாசனை மட்டும் அதேதான். என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உனக்கும் கொம்புப் பைத்தியம் ஆரம்பிச்சிடுச்சா?" என்றான். "ஆமாம், ஆரம்பிச்சிடுச்சு" என்றேன். அவன் போன பிறகு அந்தக் கொம்புகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பத்து நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் அழ எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். கோபம் வந்துவிட்டது. இன்று கடைக்கு வார லீவு, வீட்டில் யாரும் இல்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உனக்கு இதை எழுதிவிட வேண்டும்.

பதினோரு வருஷம் ஒன்றாக மிதித்திருக்கிறோம். அனந்தபுரம் ரோட்டில் நம் ஊரிலிருந்து செஞ்சி கடைத்தெருவுக்கு ஏழு கிலோமீட்டர், திரும்பி வர ஏழு. ஜவுளிக்கடையில் நீ மாடியில் பட்டுப் பிரிவு. நான் கீழே மேட்சிங் பிரிவு, ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ். கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடை தூங்கி வழிகிற மாதிரி இருக்குமாம். வாடிக்கையாளருக்குப் போட்ட ஸ்டூலை நாளைக்கு நாலு தடவை துடைப்போம், ஒரு தடவையும் அதில் உட்கார்ந்ததில்லை. சாயங்காலம் சைக்கிளில் ஏறும்போது நீ தினமும் ஒரே வார்த்தைதான் சொல்வாய். "அப்பாடா. நமக்குன்னு உக்கார இருக்கறது இந்த ஒரு சீட்டுதான்டி."

அந்த சைக்கிளிலும்தான் கை வைத்தது உன் விரல். முதலில் இடது கைச் சுண்டு விரல் மரத்தது, பிறகு பக்கத்து விரல். மூன்று கிலோமீட்டர் தாண்டினால் கையை உதறிக்கொண்டே வருவாய். கடையில் குண்டூசி டப்பாவைக் கீழே போட்டாய். இன்னொரு நாள், தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த புடவையின் கொசுவம் உன் விரலிலிருந்து நழுவியது. பட்டுப் பிரிவில் நிற்பவளுக்கு விரல்தான் எல்லாம். மடிப்பு எடுக்கத் தெரியவில்லை என்றால் அங்கே வேலை இல்லை. டாக்டரம்மா உன் உள்ளங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரே இடத்தில் எடையைப் போட்டுப் பிடிப்பதால் நரம்பு அமுங்குகிறது, பிடியை மாற்று, முடியாவிட்டால் சைக்கிளை விடு என்றார்.

உன் வீட்டுக்காரர் இதில் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். அண்ணனை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. "லேடீஸ்க்கு பஸ்ஸ ஃப்ரீயா வுட்டுருக்காங்க. இவ மட்டும் மிதிச்சிக்கினுதான் போவாளாம். வீம்பு. கை போச்சுன்னா வேலைய வுட்டுட்டு வீட்டோட கெட." நீ அரிசி களைந்துகொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னாய். "பஸ்ஸு அதோட டைமுக்கு வரும். எனக்கு என் டைமுக்குப் போவணும்." அவ்வளவுதான் விஷயம். கை மரத்தால் சைக்கிள் போகும், சைக்கிள் போனால் வேலை போகும், வேலை போனால் நீ அந்த வீட்டுக்குள். எட்டாவது படித்துவிட்டு கல்யாணமாகி வந்து, பதினைந்து வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய வெளியுலகம் உனக்கு அந்த ஏழு கிலோமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து கோட்டை பார்க்க சைக்கிளிலேயே ஒரு கூட்டம் வரும், ஞாபகம் இருக்கிறதா? இறுக்கமான டவுசர், தலையில் ஹெல்மெட், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். செஞ்சிக்குள் நுழைகிற இடத்தில் டீக்கடையில் இறங்குவார்கள். நாம் வாராவாரம் பார்த்துச் சிரித்துக்கொண்டு தாண்டிப் போகிற கூட்டம். ஒரு ஞாயிறு நீ தாண்டவில்லை. பிரேக்கைப் பிடித்தாய், ஸ்டாண்டைப் போட்டாய், நேராகப் போய் ஒரு பெண்ணின் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாய். நம் வயதுதான் அவருக்கும் இருக்கும். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ கேட்டால்தானே.

"இது இன்னாத்துக்குங்க, மாட்டுக்கு இருக்கற மாதிரி கொம்பு?"

அவர் டீ கிளாஸோடு எழுந்து வந்தார். கோபிக்கவில்லை. "கைய மாத்தி மாத்திப் பிடிக்கத்தாங்க. ரொம்ப நேரம் ஒரே இடத்துல பிடிச்சா விரல் மரத்துடும்" என்று சொல்லி, எங்கே பிடிப்பது, மணிக்கட்டை எப்படி நேராக வைப்பது என்று காட்டினார். உன்னையே ஏறி உட்கார்ந்து பிடித்துப் பார்க்கச் சொன்னார். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அந்த ஆம்பளை சைக்கிளில் நீ ஏறினதை டீக்கடையே பார்த்தது.

திரும்பி வந்து என்னிடம் நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "கேட்டியாடி? அவங்களுக்கும் மரக்குதாம். அவங்களுக்கு மரத்தா ஒரு சாமான் வாங்கி மாட்டிக்கிறாங்க. நமக்கு மரத்தா வீட்டோட கெடன்றாங்க."

நான் என்ன சொன்னேன்? அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். "அதெல்லாம் அவங்க சொகுசுக்கு மாட்டிக்கிறது. நமக்கு எதுக்குடி?" என்றேன். பெரிய புத்திசாலி மாதிரி. ஒரு கிலோமீட்டர் வேகமாக மிதித்தாய். பிறகுதான் கேட்டாய். "வலி இல்லாம போறது சொகுசா? அப்ப வலியோட போனாதான் ஒழுக்கமா?"  

அதே மாதிரி கொம்புக்கு நீ ஆர்டர் போட்டாய், பார்சல் வந்ததும் நேரே கடைத்தெரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நேரா இருக்கற ஹேண்டில்பாருக்கும்மா. உன்னுது பின்னால வளைஞ்சி வருது. முனையில மாட்டினா வயித்துல குத்தும். ரிட்டர்ன் அனுப்பிடு." நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சைக்கிளையே பார்த்தாய். "முனையில மாட்டாதீங்க. உள்ள மாட்டுங்க, பெல்லுக்குப் பக்கத்துல. முன்னால சாச்சி வெச்சா கைக்கு எட்டுமா எட்டாதா?" அவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். எட்டியது. "இத்தினி வருஷமா கடை வெச்சிருக்கேன், இப்பிடி ஒரு லேடீஸ் சைக்கிள நா பாத்ததில்ல" என்றார். "இப்ப பாத்துட்டீங்க இல்ல" என்று நீ ஏறிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ ஒரு கணக்கு வைத்துக்கொண்டாய். ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரை கைப்பிடி. அங்கிருந்து அடுத்த மதகு வரை கொம்பு. நம் ரோட்டில் இருக்கிற மதகுகளை அதுவரை நான் எண்ணினதே இல்லை. பின்னால் வருகிற எனக்குக் கேட்கட்டும் என்று "மாத்து" என்று உரக்கச் சொல்லிவிட்டு மாற்றுவாய். கொம்பே இல்லாத நானும் கையை ஒரு உதறு உதறிவிட்டு மாற்றிப் பிடிப்பேன். ஒரே மாதத்தில் உன் சுண்டு விரலுக்கு உணர்வு திரும்பியது. கடையில் என் மேஜைக்கு வந்து, சுண்டு விரலால் என் கையைக் கிள்ளிக் காட்டிவிட்டுப் போனாய். நல்லா வலித்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. டீக்கடையில் உட்கார்ந்த கூட்டம் நாம் தாண்டும்போதெல்லாம் "ம்மா" என்று கத்தும். ஒருத்தர், "இன்னாம்மா, பொங்கல் வருது, கொம்புக்கு பெயிண்ட் அடிக்கலயா?" என்றார். நீ நிறுத்தி, "நல்ல ஞாபகப்படுத்தினீங்க" என்றாய். நான் ஏதோ வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். மாட்டுப் பொங்கலன்று அண்ணன் மாடுகளுக்கு அடித்து மிச்சம் வைத்த பெயிண்டை எடுத்து ஒரு கொம்புக்கு நீலம், ஒரு கொம்புக்குச் சிவப்பு என்று அடித்தாயே. அடித்ததோடு விட்டாயா? ஹேண்டில்பாருக்கு, மாட்டுக்குக் கட்டுகிற நெட்டிமாலையைக் கட்டி, அதே டீக்கடை முன்னால் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாய். ஒருத்தரும் கத்தவில்லை. கடை மேனேஜர்கூட அந்த வாரம் நாம் சைக்கிள் நிறுத்துகிற பின்கட்டுக்கு வந்து பார்த்துச் சிரித்தார். அப்போது அவருக்கு அது வேடிக்கை.

சித்திரை வெயில் வந்தது. அலுமினியம் சுட்டது. வியர்வையில் வழுக்கியது. பழைய பிளாஸ்டிக் கைப்பிடியும் கறுப்பாகக் கையில் ஒட்டியது. துணி சுற்றினால் என்ன என்று கேட்டது நீ. ஃபால்ஸ் சுற்றலாம் என்று சொன்னது நான். சேலையின் அடிக்கரையில் வைத்துத் தைக்கிற பருத்திப் பட்டை, நீளம், அகலம் எல்லாம் அளவெடுத்த மாதிரி. என் பிரிவில் இருக்கிற சாமான், எனக்குத் தெரியாததா? அழுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மெரூன் எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டில் உட்கார்ந்து, புடவைப் பெட்டியில் வருகிற ஸ்பாஞ்சு ஷீட்டை அடியில் வைத்து, அதன் மேல் பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி ஃபால்ஸை இழுத்துச் சுற்றினேன். கைப்பிடி, பெயிண்ட் அடித்த நுனி மட்டும் தெரிகிற மாதிரி கொம்பு, நடுவில் இருக்கிற வளைவு எல்லாம். நுனியை ஊசி நூலால் ஹெம்மிங் போட்டு முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு.

சுற்றுவதற்கு முன்னால் நீ கேட்டாய். "நனைக்க வேணாமாடி?"

நாளைக்கு இருபது பேரிடம் நான் சொல்கிற வார்த்தை அது. உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் சாயம் போகும், சுருங்கும். கிளிப்பிள்ளை மாதிரி சொல்வேன். அன்று உன்னிடம் சொன்னேன், "ஹேண்டில்பாருக்கு எதுக்குடி நனைக்கணும், புடவையா கட்டிக்கப் போவுது?" சாப்பாட்டு நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

வைகாசி முகூர்த்த நேரத்தில், ஒரு நாள் காலையில் எதிர்பாராத மழை. நாம் பாதி வழி வருவதற்குள் உன் உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கடைக்கு வந்து சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாய். நான் கையைத் திருப்பிப் பார்த்து, "போயிடுச்சு, மேல போ" என்றேன். அதே நேரம் மழை வலுத்தது. சைக்கிள்களை ஷெட்டுக்குள் தள்ளுங்கள் என்று வாட்ச்மேன் குரல் கொடுத்தார். நீ ஓடிப்போய் உன்னுடையதையும் என்னுடையதையும் தள்ளி வைத்தாய். அதற்குள் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாய். பெண்ணின் அம்மா எடுத்து வைத்திருந்த சந்தன நிறப் பட்டில் உன் நாலு விரலும் பதிந்தன.

கூச்சல் எதுவும் இல்லை. அந்த அம்மா கறையைப் பார்த்துவிட்டு, நல்ல நாளும் அதுவுமா என்று மட்டும் சொன்னார். மேனேஜர் உன் கையைப் பார்த்தார். கீழே இறங்கி பின்கட்டுக்குப் போய் சைக்கிளைப் பார்த்தார். திரும்பி வந்து மாடிப்படியில் நின்றுகொண்டு, கடை முழுவதும் கேட்கிற மாதிரி பேசினார்.

"சைக்கிளுக்குப் புடவை கட்டி வெச்சிருக்கியே. ஊருல இல்லாத சொகுசு உனக்குக் கேக்குதா?"

"கறை பட்டது தப்புதான் சார். அதுக்கு இன்னா சொல்லணுமோ சொல்லுங்க. சைக்கிளப் பத்திப் பேசாதீங்க."

"யாரு சுத்தினது இத?"

நான் மேட்சிங் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஃபால்ஸ் கட்டு. அதே மெரூனும் அதில் இருந்தது. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட நான் பேசியிருப்பேனோ என்னவோ.

"நாந்தான் சார்" என்றாய்.

"நாளைலேர்ந்து அதெல்லாம் கழட்டிப் போட்டுட்டு வா. இல்லன்னா பஸ்ல வா. ரெண்டும் முடியலன்னா வராத."

"கழட்ட மாட்டேன் சார்."

"அப்ப வராத."

கெஞ்சுவாய் என்று அவர் எதிர்பார்த்தார். கடையே எதிர்பார்த்தது. நீ படியிறங்கி வந்து, என் மேஜைக்கு அடியில் நாம் வைக்கிற பையிலிருந்து உன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாய். "சாயங்காலம் தனியா வருவ. லாரி வந்தா எறங்கி நில்லு" என்றாய். அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் உனக்குக் கவலை. நான் ஃபால்ஸ் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிறம் வாரியாக அடுக்கினேன். அவ்வளவு அவசியமான வேலை எனக்கு.

ஒன்றரை மாதம் நீ வீட்டில் இருந்தாய். அண்ணன், "நா அப்பவே சொன்னேன் இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நீ கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை தேடிப் பிடித்துவிட்டாய். முதல் நாள் சாயங்காலம் என்னைப் பார்த்ததும் சொன்ன செய்தி, "நாற்காலி குடுத்துருக்காங்கடி. சக்கரம் வெச்சது." அன்றிலிருந்து மறுபடியும் இரண்டு சைக்கிள். மதகு வந்தால் "மாத்து". ஃபால்ஸில் சாயமெல்லாம் போய் ஒரு மாதிரி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. நீ கழற்றவே இல்லை.

ஒரு நாள் காலையில் நான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு நா..." என்றேன். நீ திரும்பாமலேயே, "வுடுடி. ரெண்டு பேரும் வெளிய போயிருந்தா உன் புள்ளையோட படிப்பு இன்னாவும்? அதுவும் இல்லாம, ஃபால்ஸ நனைக்கச் சொல்றதுக்குக் கடையில ஆள் வேணாமா?" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நீ என்னை மன்னித்தது எனக்கு வசதியாக இருந்தது, பிடித்துக்கொண்டேன். அதுதான் உண்மையான சொகுசு. அதை அனுபவித்தவள் நான்.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

காரியத்தன்று நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், நீ கேட்டிருந்தால் சந்தோஷப்படுவாய். அண்ணனின் அக்கா, வந்தவர்களிடமெல்லாம், "அந்த சைக்கிள மிதிச்சி மிதிச்சியே உடம்ப உருக்கிக்கினா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரிடம் சொன்னபோது பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது எழுந்துவிட்டேன். "அவ காய்ச்சல்ல செத்தா. சைக்கிள்ல சாவல. அத மிதிச்சதாலதான் அத்தினி நாள் நல்லா இருந்தா" என்றேன். "சாவு வூட்டுல இன்னா பேச்சும்மா இது" என்றார் ஒரு பெரியவர். "சாவு வூட்டுலதாங்க பொய் பேசக் கூடாது" என்றேன். என்னை வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

சைக்கிளை இரும்புக்குப் போட்டுவிடுவார் அண்ணன் என்று பயந்துகொண்டிருந்தேன். போடவில்லை. கேட்டால் நீயே நம்ப மாட்டாய். தினமும் காலையில் அதில்தான் பால் ஊற்றப் போகிறார். கேன் ஒரு பக்கம் தொங்க, நீலம் ஒரு கொம்பு, சிவப்பு ஒரு கொம்பு. "இன்னாண்ணா, பைக் இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். "சும்மா கெடக்குதேன்னு எடுத்தேன்" என்றார். மதகு வரைக்கும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கொம்பைப் பிடித்துக்கொண்டுதான் மிதிக்கிறார். நல்லா பிடிக்கட்டும்.

இந்தத் தை மாதம் எனக்கு ஆரம்பித்தது. உன்னைப் போலவே இடது கைச் சுண்டு விரல். வீட்டில் மகன், கடையில் கூட இருப்பவர்கள், டாக்டரம்மா, எல்லாரும் அதே பாட்டு. பஸ் ஃப்ரீ, பஸ் ஃப்ரீ. நான் கொம்புக்கு ஆர்டர் போட்டேன். அது வருவதற்குள் கைப்பிடிக்கு ஃபால்ஸ் சுற்றிக்கொண்டேன். இந்தத் தடவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசின தண்ணீர் வெள்ளையாக வரும்வரை அலசி, நிழலில் காயவைத்து. மறுநாள் பில் போடுகிற பெண், எனக்கும் சுற்றுக்கா என்றாள். அவள் அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கமிருந்து மிதித்து வருகிறவள். பிறகு இன்னொருத்தி. ஒரே வாரத்தில் ஐந்து பேருக்குச் சுற்றிக் கொடுத்தேன். என்னுடையதோடு ஆறு. பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம் என்று ஆளுக்கு ஒரு நிறம் கேட்டு வாங்கினார்கள். மெரூன் யாருக்கும் நான் கொடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் மேனேஜர் பின்கட்டுக்கு வந்தார். வரிசையாக நிற்கிற சைக்கிள்களைப் பார்த்தார். நாங்கள் ஆறு பேரும் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தோம்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? அந்தப் பொம்பள பண்ண வேலை மறந்துபோச்சா எல்லாருக்கும்?"

அவருக்கு உன் பேர்கூட ஞாபகம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவ பண்ணல சார்" என்றேன்.

"இன்னா?"

"அன்னைக்கு அந்த ஃபால்ஸ நனைக்காம சுத்தினது நானு. அவ நனைக்கணும்னு சொன்னா. நாந்தான் வேணாம்னு சொன்னேன். நீங்க யாருன்னு கேட்டப்ப நா இங்கதான் நின்னுக்கினு இருந்தேன். வாயத் தொறக்கல."

அவர் என்னைப் பார்த்தார். பில் போடுகிற பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவள். "அத இப்ப எதுக்கும்மா சொல்ற? மூணு வருஷம் ஆச்சு" என்றார் மேனேஜர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஒன்றும் புரியாத ஆள் மாதிரிதான் கேட்டார்.

"அன்னைக்குச் சொல்லலயே சார், அதுக்குத்தான்."

"சரி, இருக்கட்டும். அடுத்த தடவ நா பாக்கும்போது ஒரு சைக்கிள்லயும் இது இருக்கக் கூடாது. கழட்டிடுங்க."

"கழட்ட மாட்டோம் சார்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மாட்டோம் என்று வந்துவிட்டது. மற்றவர்களைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பின்னாலிருந்து பில் போடுகிற பெண்ணின் குரல்தான் கேட்டது. "இது சாயம் போவாது சார். கழுவிக் காயவெச்சி சுத்தினது." மேனேஜர் உள்ளே போய்விட்டார். நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். 

ராத்திரி முழுக்க யோசித்தேன். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் படிக்கட்டின் கீழே இந்த நாலு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன்னோடு நானும் வெளியே போயிருப்பேன். அவ்வளவுதான். நீ போனாய், வேறு வேலை தேடினாய், சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாய். நானும் எங்கேயாவது போய் எதையாவது பிடித்திருப்பேன். அந்த அவ்வளவுதானுக்குப் பயந்து உன்னைத் தனியாகப் படியிறங்க விட்டேனேடி. நீ மன்னித்துவிட்டாய். நான் என்னை மன்னிக்கிற உத்தேசத்தில் இல்லை. அந்தக் கோபம் எனக்கு வேண்டும், அது இருந்தால்தான் எனக்கு வாய் வருகிறது.

நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன். மேனேஜர் கதவருகில் நிற்பார் என்று நினைக்கிறேன். வேலையோடு திரும்புவேனா என்று தெரியாது. சைக்கிளில்தான் திரும்புவேன்.